ரேஸ் பக்கத்தில் பிறந்த படக்கதை

நாளிதழ்ப் படக்கதை என்று சொன்னாலே சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். தினத்தந்தி வாங்கிய வீட்டில் வளர்ந்தவர்கள் சிந்துபாத்தையும் லைலாவையும் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ஆங்கிலப் பேப்பர் வந்த வீட்டுப் பிள்ளைகள் ஃபேண்டமையும் மாண்ட்ரேக்கையும் இழுப்பார்கள். முதல் பக்கம் பெரியவர்களுக்கு, அந்த மூன்று கட்டம் மட்டும் எங்களுக்கு என்று ஒரு பாகப்பிரிவினையே அப்போது நடந்திருக்கும்.

அந்தப் பாகப்பிரிவினை செல்லாது. தினசரிப் படக்கதை பிள்ளைகளுக்காகப் பிறந்ததே இல்லை. அது பிறந்த இடம் குதிரைப் பந்தயப் பக்கம். எந்தக் குதிரைமேல் பணம் கட்டலாம் என்று தவித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களுக்கு டிப்ஸ் கொடுக்கத்தான் அது முதன்முதலில் வரையப்பட்டது.

கொஞ்சம் முன்கதை வேண்டும். 1890களில் நியூயார்க்கில் இரண்டு பத்திரிகை முதலாளிகள் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். ‘வேர்ல்ட்’ நாளிதழின் ஜோசப் புலிட்சர் ஒருவர். 1895-இல் ‘ஜர்னல்’ நாளிதழை வாங்கிக்கொண்டு களத்தில் குதித்த வில்லியம் ராண்டால்ஃப் ஹியர்ஸ்ட் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம்தான் அவர்களுடைய பெரிய ஆயுதம். ஆங்கிலம் சரியாக வாசிக்கத் தெரியாத குடியேறிகள் நிறைந்த ஊரில், படம் போட்டால் பேப்பர் விற்கும். வேர்ல்டில் ரிச்சர்ட் அவுட்கால்ட் சேரிச் சந்து ஒன்றைப் பெரிதாக வரைவார். அதில் மொட்டைத் தலை, துருத்திய பல், கணுக்கால் வரை தொங்கும் மஞ்சள் அங்கியோடு ஒரு பையன் நிற்பான். பேசமாட்டான், சொல்ல வேண்டியது அவன் அங்கியிலேயே எழுதியிருக்கும். ஊருக்கே அவன் செல்லப்பிள்ளை ஆனான். 1896 அக்டோபரில் ஹியர்ஸ்ட் பணத்தைக் காட்டி அவுட்கால்டைத் தன் பக்கம் இழுத்தார். புலிட்சர் சளைக்கவில்லை. ஜார்ஜ் லக்ஸ் என்ற வேறு ஓவியரை வைத்து அதே பையனைத் தொடர்ந்து வரையவைத்தார். ஒரே ஊரில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு பேப்பரில் இரண்டு மஞ்சள் பையன்கள்.

அடுத்த ஆண்டே ஹியர்ஸ்டின் பத்திரிகையில் ருடால்ஃப் டர்க்ஸ் வரைந்த ‘காட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ வந்தது. விஷமக்காரச் சகோதரர்கள் இருவர், கட்டம் கட்டமாக நகரும் கதை. படக்கதையின் உருவம் ஏறக்குறைய அமைந்துவிட்டது. ஆனால் இதெல்லாம் வாரத்துக்கு ஒருநாள் நடக்கும் திருவிழா. திங்கள் முதல் சனி வரை அதற்கு வேலையில்லை. ஒவ்வொரு வாரமும் கதை முடிந்தும்விடும். அடி வாங்கிய பையன் அடுத்த ஞாயிறு புதிதாக விஷமம் தொடங்குவான். ‘நாளைக்கு என்ன ஆகுமோ’ என்ற கேள்வி யாருக்கும் எழுந்திருக்காது.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவை குதிரைகள்.

முதல் முயற்சி சிகாகோவில் நடந்தது. 1903-இல் ஹியர்ஸ்டின் ‘சிகாகோ அமெரிக்கன்’ நாளிதழில் கிளேர் பிரிக்ஸ் ஒரு சூதாடியை வரைந்தார். அவன் இன்றைக்கு ஒரு குதிரைமேல் பணம் கட்டுவான், ஜெயித்தானா தோற்றானா என்று அடுத்த நாள் பேப்பரில் தெரியும். யோசனை அபாரம். ஆனால் தொடர் நிலைக்கவில்லை. அது தரக்குறைவாக இருக்கிறதென்று ஹியர்ஸ்டே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. மஞ்சள் பையனுக்காக அத்தனை கூத்து ஆடியவருக்குத் தரம் பற்றித் திடீரென்று கவலை வந்தது வேடிக்கைதான்.

வெற்றி கிடைத்தது சான் ஃபிரான்சிஸ்கோவில். 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் உருக்குலைந்த நகரம் மறுபடி எழுந்துகொண்டிருந்த சமயம். அங்கே ‘கிரானிக்கிள்’ நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர் பட் ஃபிஷர், வயது 22. குத்துச்சண்டை, பேஸ்பால், குதிரைப் பந்தயம் என்று அந்தந்த நாளின் விளையாட்டுக்குக் கோட்டோவியம் போடுவது அவர் வேலை. பக்கத்தின் முழு அகலத்துக்கும் பட்டையாக ஒரு படத்தொடர் போடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறார். ஆசிரியர் மறுத்துவிட்டார். இடம் அதிகம் பிடிக்கும், அதோடு வாசகர்கள் பத்தி பத்தியாக மேலிருந்து கீழே படித்துப் பழகியவர்கள், குறுக்காகப் படிக்கமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பின்னாளில் ஃபிஷரே இதைச் சொல்லியிருக்கிறார். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைய நாளிதழ்ப் பக்கம் நெருக்கமான எழுத்தில் செங்குத்தாக ஓடிய பத்திகளால் ஆனது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு படம் போவதென்பது ஆசிரியர் கண்ணுக்கு உறுத்தலாகத்தான் பட்டிருக்கும்.

அவர் எப்படியோ இறங்கிவந்தார். 1907 நவம்பர் 15 அன்று, விளையாட்டுப் பக்கத்தின் உச்சியில், இடமிருந்து வலமாக ‘ஏ. மட்’ தோன்றினான். ஒடிசலான, உயரமான ஆள். முகவாய்க்கட்டை என்ற ஒன்றே கிடையாது. கையில் காசும் நிற்காது. எங்கேயாவது புரட்டி, யாரையாவது ஏமாற்றி, வீட்டுச் செலவுப் பணத்தில் கைவைத்து ரேஸுக்கு ஓடுவான். வித்தை எங்கே இருந்தது என்றால், அவன் பணம் கட்டிய குதிரை நிஜக் குதிரை. அன்று பிற்பகல் உள்ளூர் மைதானத்தில் நிஜமாகவே ஓடப்போகிற குதிரை. காலைப் பேப்பரில் மட் எந்தக் குதிரையைத் தேர்ந்தெடுத்தான் என்று பார்க்கலாம். பிற்பகலில் பந்தயம் நடக்கும். மட் சம்பாதித்தானா, துணியை உதறிக்கொண்டு நடந்தானா என்பதை நாளைய பேப்பர் சொல்லும்.

நகரமே பார்க்க ஆரம்பித்தது. மட் சொன்ன குதிரைமேல் சிலர் நிஜமாகவே பணம் கட்டினார்கள். கிண்டி ரேஸ் காலத்தில் டிப்ஸ் சீட்டோடு திரிந்த மனிதர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த மனநிலை புரியும். டிப்ஸ் கொடுப்பவன் யாராக இருந்தால் என்ன, மையில் வரைந்தவனாக இருந்தால்தான் என்ன? படக்கதை தன் உயிர்நாடியைக் கண்டுபிடித்தது இங்கேதான் என்பது என் கட்சி. கோடும் கட்டமும் பேச்சு பலூனும் முன்பே இருந்தவை. ஃபிஷர் கொண்டுவந்தது ‘நாளை’யை.

அவர் இன்னொரு காரியமும் செய்தார். தொடர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹியர்ஸ்டின் ‘எக்ஸாமினர்’ அதிகச் சம்பளத்துக்கு அவரை அழைத்தது. கிளம்புமுன், கிரானிக்கிளுக்காக வரைந்த கடைசிப் படம் தகடு எடுக்கப் போகும் நேரத்தில், ஓரத்தில் பதிப்புரிமை தன்னுடையது என்று தன் பெயரை எழுதிவைத்தார். கிரானிக்கிள் வழக்கம்போல வேறொருவரை வைத்து மட்டைத் தொடர்ந்தது. மஞ்சள் பையன் விஷயத்தில் நடந்தது இங்கே நடக்கவில்லை. ஃபிஷர் சட்டத்தைக் காட்டினார், கிரானிக்கிள் பின்வாங்கியது. 1915-இல் அவர் ஹியர்ஸ்டையும் விட்டு வீலர் சிண்டிகேட்டுக்குப் போனார். அங்கே வாரத்துக்கு 1,000 டாலர் உத்தரவாதம். ஹியர்ஸ்ட் தரப்பு விடவில்லை, வழக்கு 1921 வரை இழுத்தது. ஜெயித்தது ஃபிஷர். தன் பாத்திரம் தனக்கே சொந்தம் என்று கையெழுத்தின் ஈரம் காயுமுன் யோசித்த அந்த இளைஞரைப் பின்னால் வந்த எத்தனையோ ஓவியர்கள் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார்கள். பெரும்பாலோரின் பாத்திரங்கள் சிண்டிகேட்டுகளின் சொத்தாகவே இருந்தன.

1908 மார்ச்சில் மட் ஒரு மனநலக் காப்பகத்தில் குள்ளமான ஓர் ஆளைச் சந்தித்தான். அவன் தன்னைப் பிரபல குத்துச்சண்டை வீரர் ஜெஃப்ரிஸ் என்று நம்பிக்கொண்டிருந்தவன். அவனே ஜெஃப் ஆனான். நெட்டையும் குட்டையுமாக ‘மட் அண்ட் ஜெஃப்’ அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதன்பின் குதிரைகள் தேவைப்படவில்லை. ஒரு நகரத்துப் பந்தய மைதானம் வேறு ஊர் வாசகனுக்கு எதற்கு? ஜோடியின் நகைச்சுவையே போதுமானதாயிற்று. தோற்றுத் தோற்றுத் தேய்ந்த சூதாடியை வரைந்து பணம் குவித்த ஃபிஷர், சொந்தமாகப் பந்தயக் குதிரைகள் வாங்கி வளர்த்தார். அதில் நெல்லி மோர்ஸ் என்ற பெண்குதிரை 1924-இல் அமெரிக்காவின் பெரிய பந்தயங்களில் ஒன்றான பிரீக்னெஸை ஜெயித்தது. மட்டுக்கு வாய்க்காத அதிர்ஷ்டம்.

குதிரை போனாலும் ‘நாளை’ தங்கிவிட்டது. அதைக் குடும்பக் கதைக்குள் கொண்டுபோனது ‘தி கம்ப்ஸ்’. 1917-இல் ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழில் சிட்னி ஸ்மித் தொடங்கிய தொடர் அது. சாதாரணக் குடும்பம், கடன், கல்யாணம், சொத்துத் தகராறு. நம் வீட்டில் சாயங்காலம் ஓடும் சீரியலின் கொள்ளுத்தாத்தா என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம். அதில் மேரி கோல்ட் என்ற பெண். அவள் காதலன்மேல் பொய்த் திருட்டுக் குற்றம் விழுகிறது, பணக்காரனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவளை நெருக்குகிறார்கள். வாசகர்கள் மாதக்கணக்கில் அவளோடு சேர்ந்து தவித்தார்கள். 1929-இல் ஸ்மித் அவளைச் சாகடித்தார். அதுவரை தினசரிப் படக்கதையில் முக்கியப் பாத்திரம் எதுவும் செத்ததில்லை. பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்புகளும் கோபக் கடிதங்களும் குவிந்தன.

அதே 1929-இல், ஜனவரி 7 அன்று, டார்ஜானும் பக் ரோஜர்ஸும் ஒரே நாளில் நாளிதழ்களுக்குள் நுழைந்தார்கள். சாகசத்தின் காலம் தொடங்கியது. லீ ஃபால்க் 1934-இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் 1936 பிப்ரவரி 17-இல் ஃபேண்டமையும் எழுதத் தொடங்கினார். ஃபேண்டமை அவர் 1999-இல் இறக்கும்வரை எழுதினார். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தது இந்தக் காலத்தில்தான். பெரியவர்கள் வெளியே போகவும் இல்லை. 1945 ஜூலையில் நியூயார்க்கில் பேப்பர் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 17 நாள். மேயர் லாகார்டியா நகர வானொலியில் உட்கார்ந்து, குரலை ஏற்றி இறக்கி, ‘டிக் ட்ரேசி’யை ஊருக்கு வாசித்துக்காட்டினார். உலகப் போர் இன்னும் முடியாத நேரம் அது.

சாகசத் தொடர்களுக்கென்று ஓர் இலக்கணம் அமைந்தது. முதல் கட்டம் நேற்றைய நினைவூட்டல், நடுக்கட்டம் நகர்வு, கடைசிக் கட்டம் தூண்டில். சிவகாசி முத்து காமிக்ஸில் மாண்ட்ரேக்கையும் ரிப் கிர்பியையும் புத்தகமாகப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இரண்டு மூன்று கட்டத்துக்கு ஒருமுறை யாராவது எதையாவது பார்த்து அதிர்ச்சி அடைவார்கள், அடுத்த கட்டத்தில் நமக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வார்கள். சிறுவயதில் அது மொழிபெயர்ப்பின் கோளாறு போலத் தோன்றும். அது தையல் அடையாளம். ஒவ்வொரு தையலும் எங்கேயோ ஒரு வாசகன் ஓர் இரவு முழுக்கக் காத்திருந்த இடம்.

தமிழில் இந்த ‘நாளை’யை யாரும் எட்டமுடியாத உயரத்துக்குக் கொண்டுபோனது கன்னித்தீவு. 1960-இல் தினத்தந்தியில் தொடங்கியது. மந்திரவாதி மூசா லைலாவைச் சிறு பொம்மை அளவுக்குச் சுருக்கிவிட, அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரச் சிந்துபாத் அலைகிறான். அரபுக் கதையிலிருந்து வந்த மாலுமி நம் ஊரில் வேர்விட்டு, அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடினான். முடியாத வழக்கு, முடியாத சாலை வேலை, முடியாத கல்யாணப் பேச்சு எல்லாமே நமக்குக் கன்னித்தீவுதான். கேலியாகச் சொன்னாலும், பழமொழி அளவுக்கு ஏறிய நாளிதழ்த் தொடர் தமிழில் வேறு எது இருக்கிறது? இலக்கியக்காரர்கள் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டதில்லை. அது அவர்கள் நஷ்டம்.

இதையெல்லாம் இன்று நாம் தேதி தேதியாகப் பேச முடிகிறதென்றால் அதற்கு ஒரு பெரும் காரணம், பில் பிளாக்பேர்ட் என்ற ஒரே மனிதரின் பிடிவாதம். சிறுவயதில் அக்கம்பக்கத்து வீடுகளில் கிடந்த பழைய பேப்பர்களிலிருந்து படக்கதைகளைச் சேர்க்கத் தொடங்கியவர். 1960களில் அமெரிக்க நூலகங்கள் நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் பிடித்துக்கொண்டு, மூலத் தொகுதிகளைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தன. மைக்ரோஃபிலிமில் வண்ணம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் எல்லாம் கறுப்புப் பூச்சாகிவிடும். தொகுதிகளைக் கேட்டால் தனிமனிதருக்குக் கொடுக்க விதியில்லை என்றார்கள். உடனே 1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், மட் பிறந்த அதே ஊரில், லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றைப் பதிவுசெய்தார். வீடே கிடங்கானது. 1998-இல் அந்தச் சேகரிப்பை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டபோது எடை 75 டன், ஏற்றிப்போக ஆறு கன்டெய்னர் லாரிகள் தேவைப்பட்டன.

கன்னித்தீவையோ, தமிழ் நாளிதழ்களில் வந்த மற்றப் படக்கதைகளையோ வெட்டி ஒட்டிய நோட்டு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். தாத்தாவோ அத்தையோ பசை தடவி, தேதி எழுதிவைத்ததாக இருக்கலாம். அடுத்த முறை பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வரும்போது, கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்துப் பாருங்கள். கன்னித்தீவோ வேறு தொடரோ இருந்தால் தனியே எடுத்துவையுங்கள். வீட்டில் வைக்க இடமில்லையென்றால் பக்கத்தில் உள்ள ஒரு நூலகத்திடமாவது கேட்டுப்பாருங்கள்.