கையால் செய்தது, ஆனால் யாருடைய கை?

கொழும்பு காலி வீதியில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு பெயார்ஃபுட் கடை தெரிந்திருக்கும். உள்ளே கடும் நிறங்களில் கைத்தறித் துணி, துணிப் பொம்மைகள், மேசை விரிப்புகள், புத்தகங்கள். பின்பக்க முற்றத்தில் ஒரு கஃபே, கூடவே ஓர் ஓவியக் காட்சிக்கூடம். எங்கட வயதுக்காரர் கன பேர் அங்க வாங்கப் போறதில்ல, பார்க்கத்தான் போறது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொருளை மெதுவாகத் திரும்ப வைப்பதும் அந்தப் பார்வையில் ஒரு பகுதி.

இந்தக் கட்டுரை அந்தச் சீட்டைப் பற்றியது. பெயார்ஃபுட் எண்டில்லை, கைவினைப் பொருள் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் சீட்டில் விலை இருக்கும், கடையின் பெயர் இருக்கும், 'கையால் செய்தது' எண்டும் இருக்கும். சுவரில் தொங்கும் ஓவியத்துக்குக் கீழே ஓவியரின் பெயர் இருக்கும். மேசையில் மடித்து வைத்திருக்கும் துணியை நெய்தவரின் பெயர் அநேகமாக இருக்காது. ஒரே கூரைக்குக் கீழே ஒரு கைக்குப் பெயர் இருக்கிறது, இன்னொரு கைக்கு இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது எண்டு தேடினால் கடை திறப்பதற்குப் பல காலம் முன்னுக்குப் போக வேண்டியிருக்கிறது.

தலையில் எதுவும் அணியக்கூடாதவர்கள்

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்து தப்பிப் போன ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ். 1681-இல் வெளிவந்த தன் நூலில் இங்குள்ள சாதிகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். அழகான பாய் பின்னும் கின்னர சாதியைப் பற்றி எழுதும்போது, அந்த ஆண்கள் தலையில் எதையும் அணியக்கூடாது என்கிறார். அரண்மனைக்கும் பிரபுக்களின் வீட்டுக்கும் போகும் பாயைச் செய்தவர்கள், சமூகத்தின் அடிமட்டத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். தும்பறைப் பாய் என்று இன்றைக்கு நாங்கள் சொல்லும் பொருளின் பின்கதை இது.

அந்தக் காலத்தில் பாயில் பெயர் எழுத வேண்டிய தேவை இல்லை. யார் பின்னியது எண்டு ஊருக்கே தெரியும். ஆனால் தெரிந்ததால் மரியாதை கிடைத்தது எண்டு நினைக்க வேண்டாம். தொழில் சாதியோடு கட்டப்பட்டிருந்தது. நிலத்தில் இருப்பதற்குப் பதிலாக வேலை செய்து கொடுக்க வேண்டும், அதுதான் ராஜகாரிய முறை. யாழ்ப்பாணத்திலும் குடிமை முறைக்குள் கொல்லர், தச்சர் போன்றவர்களின் தொழில் இப்படித்தான் பிறப்போடு ஒட்டியிருந்தது.

1830களில் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களோடு ராஜகாரியம் ஒழிந்தது. கட்டாய வேலை போனது நல்லதுதான். ஆனால் அந்த முறைக்குள் கைவினைஞருக்குக் கிடைத்த ஆதரவும் கூடவே போனது. அதே நூற்றாண்டில் ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. வடக்கில் ஒரு காலத்தில் சாயவேர் தோண்டி எடுத்துச் சிவப்புச் சாயம் போட்டார்கள். ஒல்லாந்தர் அந்த வேருக்காகவே தனி ஏற்பாடு வைத்திருந்தார்கள். அந்தச் சாயமும் மெல்ல மறைந்தது.

425 பிரதிகள்

1903-இல் கனிம ஆய்வுக்காக இலங்கைக்கு வந்த ஓர் இளைஞர் ஊர் ஊராகச் சுற்றும்போது கல்லைப் பார்ப்பதை விட்டு மனிதர்களின் கையைப் பார்க்கத் தொடங்கினார். ஆனந்த குமாரசுவாமி. 1877-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர் எலிசபெத். தமிழ்த் தந்தையின் மகன் கண்டிச் சிங்களக் கைவினைஞரைப் பற்றி எழுதியதுதான் இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் திரும்பிப் போகும் நூல். 'இடைக்காலச் சிங்களக் கலை' என்று தமிழில் சொல்லலாம். 1908-இல் வெளிவந்தது. பிரித்தானியக் கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சு இயந்திரத்தில், வெறும் 425 பிரதிகள் அடிக்கப்பட்டன.

தச்சர், கொல்லர், குயவர், நெசவாளர், அரக்கு வேலைக்காரர் எல்லோருடைய வேலையும் அதில் உண்டு. எதை, எந்தக் கருவியால், எந்தக் கோலத்தில் செய்கிறார்கள் என்பது வரைபடத்தோடும் படத்தோடும் இருக்கிறது. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அவருடைய மனைவி எதெல். குமாரசுவாமியைத் தெரிந்த எங்களில் எத்தனை பேருக்கு எதெலைத் தெரியும்? பின்னர் எதெல் மெய்ரே என்ற பெயரில் அவர் இங்கிலாந்தில் கைநெசவை மீட்டெடுத்தவர்களில் முதன்மையானவராக ஆனார். இயற்கைச் சாயம் பற்றி நூல் எழுதினார். இலங்கையில் பார்த்த கைவேலை அவரையும் விடவில்லை போல.

குமாரசுவாமியிடம் ஒரு கருத்து வாழ்நாள் முழுவதும் இருந்தது. மரபுக் கலைஞன் கையொப்பம் இடுவதில்லை, வேலை பேசினால் போதும், ஆள் யார் என்பது முக்கியமில்லை. நவீன ஓவியரின் 'நான், நான்' எண்ட சத்தத்துக்கு எதிராக அவர் இதைச் சொன்னார். கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனால் அந்த மரபுக் கலைஞன் பெயர் போடாமல் விட்டது அடக்கத்தாலா, அல்லது பெயருக்கு இடமே கொடுக்கப்படாததாலா? தலையில் எதுவும் அணியக்கூடாது எண்டு சொல்லப்பட்ட ஒருவர் தன் பாயில் எந்த மூலையில் கையொப்பம் இடுவார்?

பாய் வீட்டுக் கதவுக்கு வந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு படித்த, வசதியான கொழும்பு – கண்டிக் குடும்பங்களுக்குள் ஒரு திருப்பம் வந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் மினெட் டி சில்வா, 1918-இல் பிறந்த கட்டடக்கலைஞர். 1951 அளவில் கண்டியில் அவர் கட்டி முடித்த கருணாரத்ன இல்லத்தில் தும்பறை நெசவைக் கதவுப் பலகைகளில் பதித்தார். படிக்கட்டுக் கைப்பிடித் தூண்களுக்கு அரக்கு வேலை, சுவருக்குக் கையால் செய்த களிமண் ஓடு. மேல்தட்டு வீடுகள் ஐரோப்பியச் சாமானைத் தேடிய காலத்தில் இது சின்ன விசயமில்லை.

அடுத்து ஏனா டி சில்வா. பத்திக் என்பது இலங்கையின் ஆதி மரபு எண்டு கன பேர் நினைக்கிறம். சூடான மெழுகால் கோலத்தை மூடி, துணியைச் சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகை அவித்து எடுக்கும் இந்தக் கலையின் பெரும் மரபு யாவாவில் இருக்கிறது. இங்கு அது ஒரு தொழிலாக வேர்விட்டது பெரும்பாலும் 1960களில். ஏனாவும் குடும்பத்தாரும், ஓவியர் லக்கி சேனாநாயக்கா போன்ற நண்பர்களும் கொழும்பு வீட்டில் பரிசோதனை செய்து தொடங்கியது அது. பெந்தோட்டையில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹொட்டலின் வரவேற்பு மண்டபக் கூரையை அவர்களுடைய பத்திக் நிறைத்தது. பிற்காலத்தில் ஏனா மாத்தளை அளுவிகாரைக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களோடு பத்திக், தையல் வேலை எண்டு பட்டறைகள் நடத்தினார். 2015-இல் காலமானார்.

பெயார்ஃபுட் தொடங்கியது 1964-இல். நல்லாயன் கன்னியர் மடத்துச் சகோதரிகள் வத்தளைப் பக்கம் இளம் பெண்களுக்கு நெசவு பழக்கினார்கள், வருமானம் வரவேண்டும் என்பதற்காக. ஆனால் விற்கக்கூடிய கோலம் வேண்டுமே. ஓவியரான பார்பரா சன்சோனியிடம் கேட்டார்கள். அவர் நெசவாளர் இல்லை, நிறம் தெரிந்தவர். செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, பச்சைக்குப் பக்கத்தில் ரோஸ் எண்டு, ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும் நிறங்களைக் கோடு கோடாக வைத்தார். அதுதான் கடையின் முகமாகியது. அவர் 2022-இல் 94 வயதில் காலமானபோது உலகப் பத்திரிகைகளில் கூட இரங்கல் வந்தது.

காலமும் பொருந்தி வந்தது. 1960களில் வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. உள்ளூர்த் துணிக்குச் சந்தை இருந்தது. அதே தசாப்தத்தில் அரசின் லக்சலவும் உருவானது.

இந்த மூன்று பெண்களும் செய்தது பெரிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாதிக்குள் அடைபட்டிருந்த கைவேலையை யாரும் பழகலாம் என்ற இடத்துக்குக் கொண்டுவர உதவினார்கள். கிராமத்துப் பெண்ணின் கையில் மாதாமாதம் காசு வந்தது. அதேநேரம் பெயரும் இடம் மாறியது. ஊருக்குள் யார் செய்தது எண்டு எல்லோருக்கும் தெரிந்த பொருள், கொழும்புக்கு வந்ததும் வடிவமைத்தவரின் பெயரில் அறியப்பட்டது. பாவு ஓட்டியவரும் தறியில் இருந்தவரும் அந்தப் பெயருக்குப் பின்னால் போனார்கள்.

1977-இல் கதவு திறந்தபோது

ஜே.ஆர். ஜெயவர்தன அரசு 1977-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. இறக்குமதித் தடையின் நிழலில் வளர்ந்த கைத்தறித் துறை சரிந்தது. நாடு முழுக்க இருந்த நெசவு நிலையங்கள் பல தறியை நிறுத்தின. கிழக்கில் மருதமுனை போன்ற, தமிழ் பேசும் முஸ்லிம் நெசவாளர்களின் ஊர்கள் சாரத்தோடும் சேலையோடும் தாக்குப்பிடித்தன. 2004 சுனாமி அந்தக் கரையையும் அடித்தது.

தப்பியது யார்? விலையில் போட்டி போடாதவர்கள். மலிவுத் துணியோடு மோதாமல், 'இது கையால் செய்தது' என்பதையே விலையாக்கிய கடைகள். ஒரு மேசை விரிப்பு ஏன் இவ்வளவு விலை எண்டு நாங்கள் கேட்பதற்குப் பதிலின் ஒரு பாதி இந்த 1977 கதைக்குள் இருக்கிறது. கைவேலை அன்றாடப் பொருளாக வாழ இடமில்லாமல் போனபோது ஆடம்பரப் பொருளாகி உயிர் தப்பியது.

கடகம் கைப்பையான கதை

எங்கட பக்கத்தில் இதே கதை பனையோலையில் நடந்தது. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய், பனங்கட்டிக் குட்டான், கூழ் குடிக்கிற பிளா. இவற்றை யாரும் 'கைவினை' எண்டு சொல்லவில்லை. வீட்டுச் சாமான், அவ்வளவுதான். ஓலையைக் காயவைத்து, சீராக வார்ந்து, பின்னேரங்களில் கதைத்துக்கொண்டே அம்மம்மாமார் இழைத்தார்கள். பிளாஸ்ரிக் கூடை வந்ததும் கடகம் மூலைக்குப் போனது.

1978-இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. அதன் 'கற்பகம்' விற்பனை நிலையங்கள் பனம்பொருளைக் கொழும்பு வரைக்கும் கொண்டுவந்தன. பிறகு யுத்தம். பங்கருக்குக் குற்றி வேணும் எண்டு எத்தனை பனைகள் தறிக்கப்பட்டன என்பதை வன்னியில், யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் சொல்லுவார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் சனம் திரும்பவும் பனையிடம்தான் போனது. யுத்தத்துக்குப் பிறகு, குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களுக்கு வாழ்வாதாரம் எண்டு பயிற்சிகள் வந்தன. அவற்றில் பனையோலை வேலைக்கு நிச்சயம் ஓர் இடம் இருந்தது. சாயம் அவித்த ஓலையில் கைப்பை, தொப்பி, விளக்குமூடி.

அந்தக் கைப்பை கொழும்புக் கடையில் இருக்கும்போது கூடவே ஒரு சின்ன அட்டை தொங்கும். 'வடக்கின் போர்விதவைகள் செய்தது' என்ற மாதிரி. கவனியுங்கோ, இங்கே கைக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிட்டது. ஆனால் அது பெயர் இல்லை, அவருக்கு நடந்த இழப்பு. அவர் எவ்வளவு நுணுக்கமாக இழைக்கிறார், அந்தக் கோலம் அவர் யோசித்ததா, தாயிடம் பழகினதா, ஒன்றும் அட்டையில் இல்லை. இரக்கத்துக்கு விற்ற பையை ஆள் ஒருதரம் வாங்குவார். வேலைக்காக வாங்கினவர் திரும்ப வருவார்.

பெயர் போடுகிற தலைமுறை

இப்ப நிலைமை கொஞ்சம் மாறுது. 2012 கடைசியில் கொழும்பில் தொடங்கிய குட் மார்க்கெட் போன்ற சந்தைகளில், செய்தவரே மேசைக்குப் பின்னால் நிற்கிறார். சித்திரம் கீறும் பிள்ளைகள், மட்பாண்டம் செய்பவர்கள், நகை செய்பவர்கள் எல்லாம் சொந்தப் பெயரில் இன்ஸ்ரகிராமில் விற்கிறார்கள். சுயாதீனக் கலைஞர் எண்டு நாங்கள் சொல்லும் ஆட்கள் இவர்கள். பெரும்பாலும் நகரத்தில் படித்தவர்கள், ஆங்கிலம் வரும், கையில் நல்ல போன் இருக்கும். கையொப்பம் இடுவது அவர்களுக்கு இயல்பான விசயம். அது நல்லது. ஆனால் அவர்களில் சிலருடைய பைக்கு ஓலை இழைத்துக் கொடுப்பதும், சட்டைக்குத் துணி நெய்து கொடுப்பதும் இன்னொரு கை. பழைய கடையின் பிரிவினை புதிய மேசையிலும் வந்து குந்திவிடலாம்.

2021 டிசெம்பரில் யுனெஸ்கோ தும்பறைப் பாய் பின்னும் கலையை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நொக்ஸ் எழுதி 340 வருடத்துக்குப் பிறகு, அதே கின்னர சமூகத்தின் கைவேலைக்கு. சமூகத்துக்குக் கிடைத்தது. ஆளுக்கு?

பெயர் போட்டால் மட்டும் கூலி கூடிவிடாது எண்டு ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் பெயர் இல்லாதவரை மாற்றுவது லேசு. மீற்றருக்கு இவ்வளவு எண்டு கணக்கு வைக்கும் இடத்தில், ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். பெயர் தெரிந்தால் வாங்குபவர் கேட்பார், 'போனமுறை அவ நெய்தது இருக்கா?' அந்தக் கேள்வி வந்த நாளில் நெய்தவருக்குப் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

ஆகவே அடுத்தமுறை இப்படி ஒரு கடைக்குள் போனால், வாங்கக் காசு இல்லாட்டியும் பரவாயில்ல, ஒரு கேள்வி கேளுங்கோ: 'இதை யார் செய்தது?' கடைக்காரர் ஊரைச் சொன்னால், ஆள் யார் எண்டும் கேளுங்கோ. உங்கட வீட்டில் அம்மம்மா இழைத்த கடகம் ஒன்று இன்னும் கிடந்தால், அடியில் ஒரு துண்டுத் தாளில் அவவின் பெயரையும் ஊரையும் எழுதி ஒட்டி வையுங்கோ. ஐம்பது வருடம் கழித்து அதைக் கையில் எடுக்கிறவருக்கு, குறைந்தது ஒரு கடகத்துக்காவது பதில் இருக்கட்டும்.