ஆர்க்கியாவின் புரதச் செல் சுவர்

பெனிசிலின் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களை ஒன்றும் செய்வதில்லை. அந்த மருந்து தடுப்பது பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கான் சுவர் உருவாவதை. ஆர்க்கியாவிடம் அது கிடையாது. மெத்தனோபாக்டீரியம் போன்ற சில மீத்தேன் ஆக்கிகளுக்கு அதை ஒத்த போலி மியூரைன் சுவர் உண்டு, தெர்மோபிளாஸ்மாவுக்குச் சுவரே இல்லை. பெரும்பாலான பிற ஆர்க்கியாக்கள் சவ்வின்மேல் புரதத்தைப் படிகம்போல் வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. இந்த உறையின் பெயர் எஸ்-அடுக்கு.

சாக்கடலில் வாழும் ஹேலோஃபெராக்ஸ் வோல்கனி இதற்கு மிகத் தெளிவான சான்று. அதன் உறை முழுவதையும் ஒரே மரபணு தரும் புரதம் கட்டிவிடுகிறது. 1990இல் அந்த மரபணுவின் வரிசை வெளியானது: ஏறத்தாழ 800 அமினோ அமிலங்கள், முன்னால் செல்லுக்கு வெளியே வழிகாட்டும் 34 அமினோ அமிலத் துண்டு. வெளியேறிய புரதத்தின் வாலை ஆர்க்கியோசார்ட்டேஸ் நொதி வெட்ட, அந்த முனையில் கொழுப்பு ஒட்டிச் சவ்வில் நங்கூரமிடுகிறது. 2021இல் வெளியான அணு அளவிலான வடிவம் இன்னும் வியப்பானது. புரதத்தில் ஆறு இம்யூனோகுளோபுலின் வகைப் பகுதிகள் உள்ளன; கால்சியம் அயனிகள் அவற்றுக்கு உறுதி தருகின்றன. ஆறாறாகக் கூடும் அதே புரதம், உறை வளைய வேண்டிய இடங்களில் ஐந்தைந்தாகவும் கூடுகிறது, கால்பந்தின் தோல் தைப்பதைப் போல.

புரதத்தோடு சர்க்கரையும் சேர்ந்தே உறை முழுமையாகிறது. 1976இல் ஆய்வாளர்கள் மெஷரும் ஸ்ட்ரோமிங்கரும் ஹேலோபாக்டீரியம் என்ற ஆர்க்கியாவின் உறைப்புரதத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் இருப்பதை விவரித்தனர். உட்கரு இல்லாத உயிரிகளில் புரதத்தோடு சர்க்கரை சேராது என்ற நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது. ஹேலோஃபெராக்ஸில் சங்கிலியைக் கட்டுவது ஏஜிஎல் மரபணுக்கள், புரதத்தில் பொருத்துவது ஏஜிஎல்-பி நொதி. சுற்றியுள்ள உப்பின் அளவு குறைந்தால் வேறொரு சங்கிலி பொருத்தப்படுகிறது. சூழலுக்கேற்பத் தன் மேற்பரப்பையே மாற்றும் இந்தத் திறன்தான் இத்துறையின் மிகச் சுவையான பகுதி.

கொதிநீர் ஊற்றுகளின் சல்ஃபோலோபஸில் பணி இரண்டு மரபணுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. அவை தரும் புரதங்களில் எஸ்எல்ஏ-பி சவ்விலிருந்து எழும் தண்டு, எஸ்எல்ஏ-ஏ மேலே விரியும் கூரை. இவ்விரண்டையும் நீக்கியபோது செல் சாகவில்லை என்று 2019இல் தெரியவந்தது. வடிவமும் பருமனும் குரோமோசோம் எண்ணிக்கையும் மட்டும் குலைந்தன.

கடலில் அம்மோனியாவை உண்டு வாழும் நைட்ரோசோபியூமிலஸின் உறை பாதுகாப்போடு நிற்பதில்லை. 2024இல் வெளியான ஆய்வின்படி, எதிர்மின்சுமை நிறைந்த அதன் துளைகள் அரிதாகக் கிடைக்கும் அம்மோனியம் அயனிகளைச் சவ்வருகே ஈர்த்துச் சேர்க்கின்றன.