கல்லீரலும் கதர் அங்கியும்

எங்க வேங்கிக்கால் பக்கத்துல இருந்து பௌர்ணமி கிரிவலம் கிளம்பறவங்கள்ல நிறைய பேர் விரதம். வெறும் வயித்தோட 14 கிலோமீட்டர்! மயங்கி விழாம எப்படி நடக்கறாங்க? அண்ணாமலையார் அருள் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னொரு பக்கம் கல்லீரல். சாப்பிட்டப்போ கிளைக்கோஜனா சேர்த்து வச்ச சர்க்கரையை, பசிச்ச நேரத்துல ரத்தத்துக்கு அவுத்து விடுது.

"இப்ப விடு"ன்னு அதுக்கு யார் சொல்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடின கதையில நம்ம சென்னையும் வருதுங்க.

சேதி கொண்டு வர்றது கணையம் அனுப்பற குளுக்ககான், அப்புறம் அட்ரினலின். ஆனா இதுங்க கல்லீரல் செல்லுக்குள்ள நுழையறதில்ல, வாசல்லயே நின்னுடும். 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஏர்ல் சதர்லண்ட் குழு கல்லீரலை அரைச்சு, செல் சவ்வுத் துணுக்குகளைச் சுழற்றிப் பிரிச்சாங்க. மிச்சக் கரைசல்ல ஹார்மோனைப் போட்டா ஒண்ணும் நடக்கல. அந்தத் துணுக்குகளோட ஹார்மோனையும், செல்லுக்குச் சக்தி தர்ற ஏ.டி.பி.யையும் சேர்த்து, சூடாக்கி, தெளிஞ்ச தண்ணிய மட்டும் கரைசல்ல ஊத்தினா... வேலை நடந்தது! சூட்டுல என்சைம் கெட்டுப்போயிடும். அப்போ தாங்கி நின்னது ஏதோ ஒரு சின்ன மூலக்கூறு. அதுதான் சைக்ளிக் ஏ.எம்.பி. 1971ல் சதர்லண்டுக்கு நோபல். (எங்க சாஃப்ட்வேர் பாஷையில இன்டரப்ட்: மணி அடிக்கறவன் வெளிய, ஓடறவன் உள்ள.)

சேதி கேட்டு முழிக்கறது கைனேஸ்ங்கற என்சைம். அது இன்னொரு கைனேஸைத் தட்ட, அது பாஸ்போரிலேஸைத் தட்ட, கிளைக்கோஜன் உடையுது. தட்டறதுன்னா, ஏ.டி.பி.யில இருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிச்சு ஒட்டறது. 1955ல் சியாட்டிலில் கிரெப்ஸும் ஃபிஷரும் தசையில இதைக் கண்டுபிடிச்சாங்க. 1992ல் அவங்களுக்கும் நோபல்.

கவனிச்சீங்களா, எங்க பார்த்தாலும் ஏ.டி.பி. சைக்ளிக் ஏ.எம்.பி. உருவாகறதும் அதுல இருந்துதான். அந்த ஏ.டி.பி.யை 1929ல் ஜெர்மனியில் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்கே - எல்லாப்பிரகட சுப்பாராவ் ஜோடியும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க.

எனக்கென்னவோ மத்தவங்களை விட இந்த சுப்பாராவ் மேலதான் கண்ணு போகுது. பீமவரத்துல பிறந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். காந்தி பேச்சைக் கேட்டு கதர் அங்கி போட்டுட்டு ஆபரேஷனுக்குப் போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கல. கைக்குக் கிடைச்சது எம்.பி.பி.எஸ். இல்ல, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். அந்தப் பட்டத்தோடயே அமெரிக்கா போனார். 1925ல் ஃபிஸ்கேயோட சேர்ந்து பாஸ்பரஸ் அளக்க ஒரு முறை கண்டுபிடிச்சார். பாஸ்பேட்டை அளக்கத் தெரிஞ்சதாலதான் ஏ.டி.பி.யே சிக்குச்சு.

ஹார்வர்ட் நிரந்தர வேலை தரல. 1940ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார், 1948ல் 53 வயசுல இறந்துட்டார். நோபல் வரல. 1995ல், நூற்றாண்டுக்கு, நம்ம தபால் துறை ஒரு ஸ்டாம்ப் போட்டாங்க.