'நிலம்', 'புரயிடம்', 'செங்கல்': தென்திருவிதாங்கூர் மண்வகைச் சொற்கள் சில

திருவனந்தபுரம் மாவட்டத்து நில ஆவணங்களைத் தமிழில் பெயர்ப்போரை முதலில் இடறச் செய்வது அருஞ்சொல் எதுவும் அன்று. 'நிலம்' என்னும் எளிய சொல்லே ஆகும். தமிழில் இது மண்ணுலகு முதல் வீட்டுமனை ஈறாக அனைத்தையும் சுட்டும் பொதுச்சொல். கேரள வருவாய்த்துறைப் பதிவேடுகளிலோ நெல் விளையும் தாழ்வயலை மட்டும் சுட்டும் சிறப்புச்சொல். அதற்கு எதிர்ச்சொல்லாக நிற்பது 'புரயிடம்'. ஒலி ஒத்திருத்தலின் மொழிபெயர்ப்பாளர் ஐயுறுவதில்லை; பிழை அங்கேதான் பிறக்கிறது. (பத்திரத்தையே மலையாளத்தில் 'ஆதாரம்' என்பர். அதனைச் 'சான்று' என்று பெயர்த்த படிகளையும் கண்டதுண்டு.)

சில ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலைச் சார்ந்த ஒருவர், நெய்யாற்றின்கரை வட்டத்தில் வீடு கட்டும்பொருட்டு வாங்கக் கருதிய இடத்தின் ஆவணத்தை என்னிடம் கொண்டுவந்தார். உடனிருந்த தமிழ்ப் பெயர்ப்பில் 'பதினைந்து சென்ட் நிலம்' என்று காணப்பட்டது. மூலத்தில் 'நிலம்' என்பது பரப்பளவைத் தழுவி வந்த சொல் அன்று. வகைப்பாட்டைக் குறிக்கும் கட்டத்தில் தனித்து நின்ற சொல். இடத்தை நேரில் பார்த்திருந்த அவர், செம்மண் பூமி, மேடாகவே உள்ளது என்றார்.

இவ்வேறுபாட்டின் அடிப்படை மண்ணமைப்பில் உள்ளது. இம்மாவட்டத்தின் இடைநாடு, குன்றும் குன்றிடைப் பள்ளமும் மாறி மாறி வரும் தரை. குன்றின் மேல் இரும்புச்சத்து மிக்க செம்பூரான் மண். பள்ளத்தில் மழைநீர் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் களியும். பள்ளத்து நெல்வயல் தொகுதியைத் தென்கேரளத்தார் 'ஏலா' என்பர். குன்றுச்சரிவு புரயிடம், ஏலா நிலம். எனவே 'நிலம்' என்பதை 'நஞ்செய்' என்று பெயர்ப்பதும் முற்றும் பொருந்தாது. தமிழக வழக்கில் நஞ்செய் என்பது பெரும்பாலும் பாசன வசதியை நோக்கிய பகுப்பு. இங்கு நிலம் என்பது தரையின் கிடப்பை நோக்கியது. பழைய அளவு முறையும் இதற்குத் துணைபுரிகிறது. வயலைச் சதுர அளவால் அன்றி விதைப்பாட்டால் அளந்தனர்: மலையாளத்தில் பறை, நாஞ்சில் நாட்டில் கோட்டை. விதை விதைக்க ஆகாத இடத்திற்கு இவ்வளவை இல்லை.

'புரயிடம்' என்பதன் முதனிலை 'புர', வீடு. 'புரை' என்பதற்குத் தமிழிலும் இப்பொருள் உண்டு. சொற்பொருள் 'வீட்டிடம்' எனினும், வீடே இல்லாத தென்னந்தோப்பும் மரச்சீனித் தோட்டமும் ஆவணத்தில் புரயிடமே. ஆதலின் 'வீட்டுமனை' என்பதும் நேர்ப்பெயர்ப்பு ஆகாது. குமரி மாவட்டத் தமிழில் இதற்கு நெருங்கிய சொல் 'விளை'. அம்மாண்டிவிளை போன்ற ஊர்ப்பெயர்களில் இது மேட்டுத் தோட்டத்தைக் குறிக்கும். திருவனந்தபுரத்தை அடுத்த சந்தவிளையிலும் அதே ஈறு காணப்படுகிறது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லை மாறியது. சொல் இருபுறமும் நின்றது. ஆயினும் பிற மாவட்டத்துத் தமிழர் 'விளை' என்றவுடன் விளைநிலத்தை, அதாவது வயலையே எண்ணுவர். அப்போது மேடு பள்ளமாகிவிடுகிறது.

கட்டடப் பொருளிலும் இத்தகைய மயக்கம் உண்டு. வடகேரளத்தில் 'செங்கல்லு' என்பது நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் செம்பூரான்கல். தமிழ்ச் 'செங்கல்' சூளையில் சுட்டது. சுட்ட கல்லை மலையாளத்தார் 'இஷ்டிக' என்பர். பழந்தமிழ் 'இட்டிகை'யும் அதுவே. திருவனந்தபுரத்தில் செம்பூரான்கல்லுக்கு 'வெட்டுகல்லு' என்பதே பெருவழக்கு. ஒரு பெயர் நிறத்தையும் மற்றொன்று தொழிலையும் சுட்டின. மூன்றாவது பெயர் பயனைச் சுட்டியது. உலக வழக்கில் நிலைபெற்றது அதுவே. 1800-1801இல் மைசூர், கன்னடம், மலபார் நாடுகளில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், இன்றைய மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இக்கல்லைக் கண்டார். தோண்டும்போது எந்த இரும்புக் கருவிக்கும் இசையும் மென்மையும், வெட்டிக் காற்றில் வைத்தபின் ஏறும் உறுதியும் அவரை ஈர்த்தன. நாட்டு மொழிகள் சிலவற்றில் இதனை 'இட்டிகைக் கல்' என வழங்குவதைக் குறித்து, செங்கல்லைக் குறிக்கும் 'லேட்டர்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்னும் பெயரை ஆக்கினார். 1807இல் வெளிவந்த அவர் நூல் வழியாக அது நிலவியற் கலைச்சொல் ஆயிற்று. அங்காடிப்புறத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1979இல் ஒரு நினைவுக்கல்லும் நிறுவியது. மக்கள் வழக்கின் மொழிபெயர்ப்பே அறிவியற் சொல்லாகியும், தமிழ்ப் பாடநூலார் அம்மூலத்தை நோக்காது 'சரளை மண்' என்றனர். சரளை என்பது எவ்வகைப் பருக்கைக் கல்லுக்கும் பொது. வெட்டினால் மென்மை, உலர்ந்தால் உறுதி என்னும் இதன் தனியியல்பு அச்சொல்லில் இல்லை.

குன்றை வெட்டிய இச்செம்மண்தான் ஏலாக்களை மேடாக்கப் பயன்பட்டது. வயலை இவ்வாறு மண்ணிட்டு மூடுவதை மலையாளத்தில் 'நிகத்துதல்' என்பர். மேலே எத்துணை செம்மண் இருப்பினும், கீழே நீர் ஊறிய களி அப்படியே கிடக்கும். கட்டடச் சுமையால் அது அமுங்கும். அமுக்கம் எங்கும் ஒரு சீராக இராமையால் சுவர் வெடிக்கும். மழைநீர் தன் பழைய வழியையே நாடும். கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்டு 12இல் நடைமுறைக்கு வந்தபின், நிகத்துதல் சட்டப்படியும் தடுக்கப்பட்டது. அதற்கு முன்பே நிகத்தப்பெற்று, வயல் தரவுப் பட்டியலில் சேராத இடங்களின் வகையை மாற்றிக்கொள்ள 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. அதற்கும் விண்ணப்பமும் அளவு மிகுந்தால் கட்டணமும் வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பெற்றால் பதிவேட்டுச் சொல் மாறும், அடிக்களி மாறாது.

நாகர்கோவில் அன்பரின் இடமும் நிகத்திய இடமே. அண்டை வீட்டாரிடம் கேட்டபோது, தம் சிறுவயதில் அங்கு நாற்று நட்டதாகக் கூறினராம். நான் அவர்க்கு 'நிலம்' என்பதை 'நிலம் (நெல்வயல் வகை)' என்றும், எல்லையில் வந்த 'புரயிடம்' என்பதைப் 'புரயிடம் (மேட்டுத் தோட்டம்)' என்றும் மூலச்சொல்லை விடாது பெயர்த்துக் கொடுத்தேன். அதற்குள் அவர் முன்பணம் கொடுத்துவிட்டிருந்தார்.