படிக்காத பெற்றோர் கட்டிய பள்ளிகள்

"படிக்காத பெற்றோருக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் அப்பா ஒரு தடவை கூட பெற்றோர் கூட்டத்துக்கு வந்ததில்லை. வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை அக்கறை இல்லை என்று சொல்லிவிடலாமா? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அது முழுக்க அரசுப் பணத்தில் நடக்கவில்லை. செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே ஏற்றார்கள். பணம் இல்லாதவர்கள் அரிசி, காய்கறி என்று கொடுத்தார்கள்.

அடுத்து வந்தவை பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியவை. முதல் மாநாடு 1958-ல் கடம்பத்தூரில் நடந்தது. பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு ஊராரே கொடுத்தார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான பொருட்கள் சேர்ந்தன. அன்று மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பதை மறக்க வேண்டாம்!

எங்கள் அமராவதிபுதூர் பக்கம் கல்விக்கொடை என்றாலே அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரிதான் நினைவுக்கு வரும். அது பெரிய கொடைதான். ஆனால் பெரிய கொடைக்குக் கல்வெட்டு உண்டு, ஒரு படி அரிசிக்குக் கிடையாது. நான் படிப்பது வணிகவியல். பேரேட்டில் ஏறாத வரவும் வரவுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லெமன் குரோவ் என்ற ஊரில், மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளை மட்டும் தனிக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்து நீதிமன்றம் போனார்கள். 1931-ல் ஜெயித்தும் விட்டார்கள். அவர்களையும் அக்கறை இல்லாதவர்கள் என்றுதான் பலர் சொல்லி வந்தார்கள்.

இன்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நல்ல சட்டம். ஆனால் கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்து, தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினால் என்ன பயன்? அன்று "என்ன வேண்டும்?" என்று ஊரைக் கேட்டார்கள், ஊர் கொடுத்தது. இன்றும் சாயங்காலம் கூட்டம் வைத்துக் கேட்டுப் பார்க்கலாமே. என் அப்பா நிச்சயம் வருவார்.

உங்கள் வீட்டில் எப்படி, நண்பர்களே?