மெசியா தீர்க்கதரிசன விவாதம்

எபிரேய வேதத்தின் சில பகுதிகள் நாசரேத்து இயேசுவைக் குறிக்கின்றனவா என்பது குறித்து யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கி.பி. முதல் நூற்றாண்டு முதல் நடந்துவரும் வழக்கு இது. இருவர் கையிலும் இருப்பது ஒரே ஏசாயா, ஒரே சங்கீதம், ஒரே தானியேல். அவற்றை எங்கே நின்று படிப்பது என்பதில்தான் பிணக்கு. தீர்க்கதரிசி பேசிய காலத்தில் நின்று யூதர் படிக்கிறார். சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் நம்பிய பின் திரும்பிப் பார்த்துக் கிறிஸ்தவர் படிக்கிறார். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் வசனத்துக்கு வசனம் எண்ணிக்கொண்டிருந்தால் வழக்கின் உயிர் பிடிபடாது.

மெசியா என்பதன் மூலமான 'மாஷியாக்' என்ற எபிரேயச் சொல்லுக்கு எண்ணெயால் அபிஷேகம் பெற்றவர் என்று பொருள். அதன் கிரேக்க வடிவமே 'கிறிஸ்தோஸ்'. அரசரும் தலைமைக் குருவும் அபிஷேகம் பெற்றனர். தமிழ் பைபிளில் கோரேஸ் எனப்படும் பாரசீக மன்னரைக்கூட ஏசாயா 45ஆம் அதிகாரம் இச்சொல்லால் அழைக்கிறது. பாபிலோனியர் எருசலேமை அழித்து, தாவீதின் அரச மரபு அறுந்த பிறகே, இனி வரப்போகும் ஒருவர் என்ற பொருள் அதில் மெல்ல ஏறியது. அப்போதும் எதிர்பார்ப்பு ஒன்றாக இல்லை. சாக்கடல் அருகே கும்ரானில் வாழ்ந்த குழுவினர் குரு மரபில் ஒருவரும் அரச மரபில் ஒருவருமாக இரண்டு மெசியாக்களை எதிர்நோக்கியிருந்தனர். கி.பி. 132இல் உரோமைக்கு எதிராக எழுந்த பார் கோக்பாவை மெசியா என்று ரபி அகீவா வரவேற்றதாக, ரபிகளின் விவாதத் தொகுப்பான எருசலேம் தல்மூத் சொல்கிறது. மூன்றாண்டுகளில் அந்தக் கிளர்ச்சி குருதியில் முடிந்தது.

வழக்கின் முதல் பெரிய கிறிஸ்தவ ஆவணம் அந்தப் போரின் நிழலிலேயே பிறந்தது. இன்றைய நாப்லுஸில் பிறந்த ஜஸ்டின், 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், போரிலிருந்து தப்பி வந்த திரிபோ என்ற யூதருடன் உரையாடுவதுபோல ஒரு நூல் எழுதினார். அதில் மையமாக நின்ற வசனங்களில் ஒன்று ஏசாயா 7:14. யூதாவின் அரசன் ஆகாஸைச் சிரியாவும் வட இஸ்ரவேலும் கூட்டுச் சேர்ந்து மிரட்டிய நேரத்தில், ஒரு பெண் மகனைப் பெறுவாள், அவன் நன்மை தீமை அறியுமுன்னே அந்த இரு அரசர்களின் நாடும் பாழாகும் என்கிறார் தீர்க்கதரிசி. எபிரேயத்தில் அந்தப் பெண் 'அல்மா', அதாவது இளம்பெண். கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு அதைப் 'பார்தெனோஸ்', கன்னி, என்று பெயர்த்திருந்தது. மத்தேயு நற்செய்தி கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டது. 2ஆம் நூற்றாண்டில் புதிதாக மொழிபெயர்த்த அக்குயிலா இளம்பெண் என்றே எழுதினார். யூதர்கள் வேதத்தைத் திருத்துகிறார்கள் என்று ஜஸ்டின் குற்றம் சாட்டினார். அது நியாயமான குற்றச்சாட்டு அல்ல என்றே சொல்ல வேண்டும். ஆகாஸுக்குக் கொடுத்த அடையாளம் ஏழு நூற்றாண்டு கழித்துப் பிறக்கும் குழந்தையானால் ஆகாஸுக்கு அதனால் என்ன பயன் என்ற யூதரின் கேள்வி இன்றும் வலுவானது. கன்னி என்ற பெயர்ப்பு கிறிஸ்தவர் புனைந்ததல்ல என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஏசாயா 53 இதைவிட ஆழமான இடம். குற்றமற்ற ஓர் அடியார் அவமதிக்கப்பட்டு, மற்றவர்களின் பாவத்துக்காக வாய்திறவாமல் துன்புற்று இறக்கிறார். இயேசுவின் பாடுகளை அறிந்தவர் இதைப் படித்து அவரை நினைக்காமல் இருப்பது கடினம். ஆனால் 3ஆம் நூற்றாண்டிலேயே, தாம் வாதிட்ட யூதர்கள் இதைச் சிதறுண்ட தங்கள் இனம் முழுவதற்கும் பொருத்தினார்கள் என்று கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் பதிவு செய்திருக்கிறார். முந்தைய அதிகாரங்களில் அடியார் இஸ்ரவேல் என்று பெயர் சொல்லியே அழைக்கப்படுகிறார் என்பது அவர்களின் ஆதாரம். அடியார் தன் மக்களுக்காகத் துன்புறுகிறார் என்றால் அவர் எப்படி அந்த மக்களாகவே இருக்க முடியும் என்று கிறிஸ்தவர் கேட்டனர். பேசுவது பிற நாடுகளின் அரசர்கள், தாங்கள் இகழ்ந்த இனத்தைக் கண்டு வியக்கிறார்கள் என்று யூதர் பதில் சொன்னார்கள். யூத மரபும் ஒரே குரலில் பேசவில்லை. அரமேய விளக்கப் பெயர்ப்பான தர்கூம் அந்த அடியாரை மெசியா என்கிறது. ஆனால் துன்பத்தை அவர்மேல் வைக்காமல் பிறர்மேல் மாற்றிவிடுகிறது. பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த வேத உரையாசிரியர் ராஷி (1040–1105) அடியாரை இஸ்ரவேல் என்றே விளக்கினார். அவர் காலத்தில்தான், 1096இல், சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ரைன் நதிக்கரை யூதர்களைக் கொன்று குவித்தன. துன்புறும் அடியார் யார் என்று அந்தத் தலைமுறைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1263 ஜூலையில் பார்சிலோனாவில் நடந்த வாதம் இந்த வரலாற்றின் உச்சம். அரகான் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில், யூதராகப் பிறந்து தோமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானியும், ஜிரோனாவின் ரபி மோசே பென் நக்மானும் எதிரெதிரே நின்றனர். அதற்கு முன் 1240இல் பாரிஸில் நடந்தது தல்மூத்தைக் குற்றவாளியாக்கிய விசாரணை. அதன் விளைவாக வண்டி வண்டியாகத் தல்மூத் பிரதிகள் எரிக்கப்பட்டன. பார்சிலோனாவில் உத்தி மாறியது. மெசியா வந்துவிட்டார் என்பதைத் தல்மூத்தைக் கொண்டே நிறுவுவேன் என்றார் பாப்லோ. அச்சமின்றிப் பேச அனுமதி கேட்டுப் பெற்ற நக்மானின் முதல் பதில் எளிமையானது: தல்மூத்தின் அந்த ரபிகள் இயேசுவை மெசியா என்று நம்பியிருந்தால் ஏன் இறுதிவரை யூதர்களாகவே வாழ்ந்தார்கள்? எருசலேம் ஆலயம் இடிந்த நாளில் மெசியா பிறந்தார் என்ற பழங்கதையைப் பாப்லோ எடுத்தபோது, இத்தகைய கதைகள் பிரசங்கம் போன்றவை, நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்று மறுத்தார். தீர்க்கதரிசிகள் சொன்ன அமைதி இன்னும் வரவில்லையே, இயேசுவுக்குப் பிறகும் உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே என்று போர்வீரர் சூழ அமர்ந்திருந்த மன்னரிடமே கேட்டார். உண்மையான வேறுபாடு மெசியா பற்றியது அல்ல, கடவுள் மனிதராகப் பிறந்தார் என்ற நம்பிக்கை பற்றியது என்றும் சொன்னார். முழு வழக்கிலும் இதைவிடத் தெளிவாக எவரும் அதன் வேரைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை.

வாதம் பற்றி இரண்டு பதிவுகள் உண்டு. ரபி தோற்று ஓடினார் என்கிறது இலத்தீன் பதிவு. மன்னர் தம்மைப் பாராட்டி 300 காசு கொடுத்தார் என்கிறது நக்மானே எழுதிய எபிரேயப் பதிவு. அந்த எழுத்தே அவருக்கு வினையாயிற்று. தோமினிக்கன் சபையினர் 1265இல் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். 70 வயதைக் கடந்த அவர் பிறந்த மண்ணை விட்டு 1267இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். திரும்பவே இல்லை. வென்றால் நாடு கடக்க வேண்டும், தோற்றால் மதம் மாற வேண்டும் என்ற நிலையில் நடந்ததை விவாதம் என்று அழைக்க மனம் ஒப்பவில்லை. 1413–14இல் அரகானின் தொர்தோசாவில் 69 அமர்வுகளாக நடந்தது இன்னும் கொடியது. 1391இல் ஸ்பெயினில் யூதர்கள் மீது நடந்த படுகொலைகளில் நொறுங்கிய சமூகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட ரபிகள் அங்கே நிறுத்தப்பட்டனர். நடக்க நடக்க யூதர்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அதில் பங்கேற்ற யோசேப் அல்போ பின்னர் எழுதிய நூலில், மெசியா நம்பிக்கையை மதத்தின் அடிப்படை வேர்களில் சேர்க்கவில்லை. அதை 13 கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருந்த யூத மெய்யியலாளர் மைமோனிதிஸிடமிருந்து அவர் விலகியதற்கு இந்த அனுபவமும் காரணமாகலாம்.

16ஆம் நூற்றாண்டில் தல்மூத்தை ஏற்காத கராயிம் பிரிவைச் சேர்ந்த லித்துவேனிய யூதர் திரோக்கியின் ஈசாக், நற்செய்திகள் எடுத்தாளும் வசனங்களை ஒவ்வொன்றாக மூல இடத்தில் வைத்துச் சோதித்து நூல் எழுதினார். அதை மறுப்பதற்காக வாகன்சைல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1681இல் இலத்தீனுடன் அச்சிட, ஐரோப்பா முழுவதும் பரவியது. வோல்தேர் வரை அதைப் படித்தனர். அதன் பிறகு மூல இடத்தில் வைத்துப் படிக்கும் முறை கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே வேரூன்றியது. 1952இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்திய ஆங்கில பைபிள் ஏசாயா 7:14இல் இளம்பெண் என்று போட்டபோது, அந்தப் பக்கத்தை எரித்த போதகரும் இருந்தார். இம்முறை சண்டை கிறிஸ்தவர்களுக்கு உள்ளேயே.

1947 முதல் கிடைத்த சாக்கடல் சுருள்கள் வழக்கைத் தீர்க்கவில்லை. பெரிய ஏசாயா சுருளிலும் 'அல்மா' என்றே இருக்கிறது. சிலுவையைக் குறிப்பதாகக் கிறிஸ்தவர் கொள்ளும் சங்கீதம் 22இல் மரபு எபிரேயப் பாடம் 'சிங்கம்போல' என்கிற இடத்தில், நஹல் ஹெவர் என்ற இடத்தின் குகையில் கிடைத்த துணுக்கில் ஓர் எழுத்து மாறி அச்சொல் வினைச்சொல்லாக நிற்கிறது. அந்த வினைக்கு 'குத்தினார்கள்' என்பதுதான் பொருளா என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. மாறியது இரு தரப்பும் பேசும் தொனி. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவர் மீதும் சுமத்திய பழைய பழியைக் கைவிட்டது. 2001இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம், பழைய ஏற்பாட்டில் கிறிஸ்துவைக் காண்பது பின்னோக்கிய வாசிப்பே என்றும், யூதரின் மெசியா எதிர்பார்ப்பு வீணானதல்ல என்றும் எழுதியது.

தமிழ் பைபிளிலும் இந்த வழக்கின் தடம் உண்டு. புரொட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் ஏசாயா 7:14இல் 'கன்னிகை' என்று இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் அதே இடத்தில் 'இளம்பெண்' என்றும், மத்தேயு 1:23இல் 'கன்னி' என்றும் சொல்கிறது. எபிரேயச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் ஒரே அட்டைக்குள் தத்தம் இடத்தில் இருக்கின்றன.