துண்டும் கண்ணாடி அலுமாரியும்

உயர்தரம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ‘துண்டு’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். தோளில் போடுவது என்பார்கள். ஆளின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் அதுதான் பெயர். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

நம் கல்லூரி நூலகங்களில் கண்காட்சி என்றால் புதுப் புத்தகங்களை மேசையில் அடுக்குவதுதான். பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கம்பளைப் பக்கம் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயத்தையே 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக, ஆவணக் காப்பகமாக மாற்றினார்கள். நம் றொசல்ல ஸ்டேஷன் இருக்கும் அதே ரயில் பாதைதான். ஒருநாள் கூட்டிப் போங்கள்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இங்கேயும் என்று பங்கு போட்டது. மீதி 150,000 பேரின் கதி 1974 வரை தொங்கியது. அந்தக் காலத்துக் கடிதங்கள், பிரஜாவுரிமைப் பத்திரங்கள் இன்னும் சில வீடுகளின் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. லயத்தில் தீ பிடித்தால் முதலில் போவது அவைதான். (1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்தவை சுமார் 97,000 நூல்கள்.)

பாடசாலை நூலகத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி போதும். மூலப்பிரதி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள், யாருடையது, எந்தத் தோட்டம் என்று பின்னால் எழுதி.